வலது காதுப் பக்கம்

பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது
மணி பத்தே கால்.
கொர்வெய்ராவில் கடைகளின் இரும்புக் கதவுகள்
பாதிதான் ஏறியிருந்தன.
இன்றைக்கு எந்த அவசரமும் இல்லை என்றான் எலாதியோ,
அவசரமின்மைக்கும் அட்டவணை எழுதி வந்தவன்:
முதலில் காப்பி, பிறகு கடல், பிறகு ஆக்டோபஸ்,
ஆறு நாற்பதுக்குத் திரும்பும் பேருந்து.

காப்பிக் கடையில்
சர்க்கரைப் பொட்டலம் இரண்டை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
சர்க்கரை தொடாத மனிதன்.
கடைக்காரப் பெண் பார்த்தாள்.
நான் தெருவைப் பார்த்தேன்.

கழிப்பறை எங்கே இருக்குமோ என்றான்.
மீன் ஏலக்கூடம் தாண்டி, நீலப் படிகளுக்குக் கீழே என்றேன்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இந்த ஊருக்கு நாங்கள் வருவது
இதுதான் முதல் தடவை.
அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

கடல் வற்றிக் கிடந்தது.
ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் குனிந்து
சேற்றைக் கிளறி மட்டி பொறுக்கினார்கள்.
பதினேழு பேர் என்று எண்ணினான்.
மறுபடி எண்ணினான், பதினாறு.
ஒருத்தி நிமிர்ந்துவிட்டாள் என்றான்,
நிமிர்ந்தவள் கணக்கில் சேரமாட்டாள் என்பதுபோல.
துறைமுகச் சுவரின் கருங்கல்லை
மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தான்.
எங்கள் குவாரிக் கல் இல்லை, ஆனால் நல்ல கல்.

அந்தக் குவாரியில்தான் இடது காதை விட்டுவிட்டு வந்தான்.
எண்பத்தொன்பதில் ஒரு வெடி
நேரத்துக்கு முன்னால் வெடித்த மத்தியானம்.
அன்றிலிருந்து நான் வலப்பக்கம்:
படுக்கையில், தேவாலயத்தில்,
மகன் கல்யாணத்தின் எல்லாப் புகைப்படங்களிலும்.

கலங்கரை விளக்குக்கு நடந்தோம்.
போகும்போது கடல் அவனுக்கு இடப்பக்கம்.
ஆகவே கடல் இல்லை அவனுக்கு,
நான் மட்டும் இருந்தேன்.
தக்காளி விலை, மாடியில் குடியிருப்பவர்களின் நாய்,
மருமகள் தொலைபேசியை வைத்த விதம்,
எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான்.

திரும்பும்போது கடல் வலப்பக்கம் வந்தது.
சட்டென நின்றான்.
அடேயப்பா, எவ்வளவு சத்தம், ஒப்தூலியா!
என்னமோ அப்போதுதான்
யாரோ கடலைத் திறந்துவிட்டதுபோல.

நான் பக்கம் மாறியிருக்கலாம்.
மாறவில்லை.
கேட்காத காதோரம் நடந்தபடி சொன்னேன்:
தொண்ணூற்றாறு, பிப்ரவரி.
நீ வேலைக்குப் போனதும் பழுப்புப் பெட்டியோடு
இங்கே வந்தேன்.
அதோ, மூன்றாவது பெஞ்ச்.
எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.
உன்மேல் கோபமும் இல்லை.
சும்மா, வேறொருத்தியாக இருந்து பார்க்கலாமென்று.
மழை பிடித்துக்கொண்டது.
மூன்று நாளைக்குப் பணம் இருந்தது கையில்.
நான்கு மணி பஸ்ஸில் திரும்பி வந்து
முட்டைக்கோஸ் சூப் வைத்தேன்.
உப்பு தூக்கல் என்றாய்.

காற்று மாறுகிறது என்றான் எலாதியோ.
ஆமாம் என்றேன்.

மரத்தட்டில் ஆக்டோபஸ் வந்தது,
சிவப்பு மிளகுத்தூள், ஆலிவ் எண்ணெய்.
வழக்கம்போல் நுனிகளை அவன் தின்றான்.
தடித்த துண்டுகளைப் பல்குச்சியால்
என் பக்கம் தள்ளினான்.
பிறகு மணலில் காலுறையைக் கழற்றிப் போட்டுத் தூங்கினான்,
குறட்டையோடு. பாதங்கள் இரண்டும்
வெயில் அறியாத வெள்ளை.
வாயருகே வந்த ஈயை
ஒரு மணி நேரம் விரட்டிக்கொண்டிருந்தேன்.

மாலை, சாலையின் இருபுறமும் நிறுத்தம்,
எதிலும் பலகை இல்லை.
எந்தப் பக்கம் நிற்கும் என்றான்.
மருந்துக்கடைப் பக்கம் என்றேன்,
யோசிக்காமல்.
சரி என்று அந்தப் பக்கம் நடந்தான்.
மூன்றாவது பெஞ்சருகே நடை தளர்ந்ததா,
அவனுடைய முழங்காலா,
தெரியவில்லை.

மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலைசுற்றும்.
முதல் வளைவுக்கு முன்பே
ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்து
என் உள்ளங்கையில் கொட்டினான்.
இன்னொன்றைப்
பாதி வழிக்கென்று வைத்துக்கொண்டான்.